கணினிக்குச் சட்டை மாற்றிய கதை

விண்டோஸ் 95 நிறுவிய கணினியை முதன்முதலில் திறந்தவர்கள் எல்லோரும் கண்டது ஒரே காட்சியைத்தான். பச்சையும் நீலமும் கலந்த ஒரு வெற்றுத் திரை, கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதன் இடது மூலையில் ஸ்டார்ட் பொத்தான். அந்தத் திரையின் நிறத்துக்கு ஓர் எண் உண்டு: 0 128 128. சிவப்பு அறவே இல்லை, பச்சை பாதி, நீலம் பாதி என்று அதற்குப் பொருள். எந்த நாட்டில், யார் வீட்டில் இருந்தாலும் கணினிக்கு அதே முகம்தான். பள்ளிச் சீருடை மாதிரி!

சீருடை என்றாலே அதில் ஒரு பொத்தானையாவது மாற்றிப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா? கணினி உலகத்திலும் இருந்தார்கள். தீம் என்று சொல்லப்படும் அலங்காரத் தொகுப்புகளைப் பிரித்து, உள்ளே இருந்த படங்களையும் எழுத்துகளையும் ஒலிகளையும் எடுத்துவிட்டு, தங்களுடையதை வைத்தவர்கள் அவர்கள். விளையாட்டாகத் தொடங்கிய இந்த வேலை, போகப் போக ஒரு பெரிய கேள்வியில் போய் முட்டியது. காசு கொடுத்து வாங்கிய கணினியின் முகம் யாருக்குச் சொந்தம்? வாங்கியவருக்கா, செய்தவருக்கா?

நோட்பேடில் திறந்த தீம்

நிறம் மாற்றும் வசதி விண்டோஸ் 95க்கு முன்பே இருந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் பல நிறத் தொகுப்புகள் இருந்தன. அதில் 'ஹாட்டாக் ஸ்டாண்ட்' என்ற தொகுப்பு, பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைக் குத்தும். இன்றும் கணினி வரலாற்றில் அதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆனால் அங்கே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சொடுக்கில் மாற்ற முடியவில்லை.

முழு அலங்காரம் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது 'மைக்ரோசாஃப்ட் பிளஸ்!'. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியான அன்றே, தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு துணைத் தொகுப்பாக இது வந்தது. இயற்கை, விளையாட்டு, பயணம், லியோனார்டோ டாவின்சி என்று பல தலைப்புகளில் தீம்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வால்பேப்பர், ஐகான்கள், மவுஸ் குறி, ஒலிகள், ஸ்கிரீன்சேவர் எல்லாம் ஒரே சொடுக்கில் மாறிவிடும். ஒரு நிறுவனம் அலங்காரத்தைத் தனிச் சரக்காக்கிக் கடையில் விற்றது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

ஆனால் அந்தச் சரக்கின் உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு! .தீம் என்று முடியும் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் எல்லாம் வரி வரியாகத் தெரியும். பின்னணிப் படம் எந்த இடத்தில் இருக்கிறது, மவுஸ் குறிக்கு எந்தக் கோப்பு, கணினி தொடங்கும்போது எந்த ஒலி, ஜன்னலின் தலைப்புக்கு எந்த நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நிறங்கள் மூன்று எண்களாக இருக்கும். எண்ணை மாற்றிச் சேமித்தால் நிறம் மாறும். படத்தின் பெயரை மாற்றினால் படம் மாறும். இதற்கு மென்பொருள் படிப்பு தேவையில்லை. வாசிக்கத் தெரிந்தால் போதும்.

1998 ஜூனில் வந்த விண்டோஸ் 98இல் இந்தத் தீம் வசதி தனியாக வாங்க வேண்டியதில்லாமல் உள்ளேயே வந்துவிட்டது. அதன் பிறகு இணையத்தில் ஆயிரக்கணக்கான இலவசத் தீம்கள் சுற்ற ஆரம்பித்தன. சினிமா, கார், கார்ட்டூன் என்று எதற்கும் ஒரு தீம் கிடைத்தது. பெரும்பாலானவை பழைய தீம் ஒன்றைப் பிரித்து, கோப்புகளை மாற்றி வைத்துக் கட்டியவைதான்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தீமில் இருந்த படமும் ஒலியும் வெறும் தகவல். ஆனால் ஸ்கிரீன்சேவர் அப்படியல்ல. .எஸ்சிஆர் என்று முடியும் அந்தக் கோப்பு, பெயர் மாற்றிய ஒரு முழு நிரல். வால்பேப்பர் திரையில் தெரிவதோடு சரி. ஸ்கிரீன்சேவர் கணினிக்குள் எதையும் செய்யக்கூடியது. இரண்டும் ஒரே பொட்டலத்தில் வந்தன. இந்த வித்தியாசம்தான் பிற்பாடு பெரிய தலைவலியானது.

லோகோ.சிஸ் செய்த மாயம்

விண்டோஸ் 95, 98 காலத்தில் நண்பர்களை அசத்த ஒரு வழி இருந்தது. கணினி தொடங்கும்போது வரும் மேகப் படத்தை எடுத்துவிட்டுத் தங்கள் படத்தை வரவைப்பதுதான் அது.

சி டிரைவில் லோகோ.சிஸ் என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால் தொடக்கப் படமாக அது வரும். விண்டோஸ் போல்டருக்குள் லோகோடபிள்யூ.சிஸ், லோகோஎஸ்.சிஸ் என்று இன்னும் இரண்டு. ஒன்று 'கணினி மூடப்படுகிறது, காத்திருக்கவும்' என்ற படம். மற்றது 'இப்போது கணினியை அணைக்கலாம்' என்ற ஆரஞ்சு நிற எழுத்துகள் கொண்ட படம். பெயரைப் பார்த்தால் ஏதோ தொடக்கூடாத கோப்பு போலத் தோன்றும். உண்மையில் இவை மூன்றும் சாதாரண பிட்மேப் படங்கள்! பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றினால் பெயிண்ட் மென்பொருளிலேயே திறக்கும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அகலம் 320 புள்ளிகள், உயரம் 400 புள்ளிகள், நிறங்கள் 256. திரையில் வரும்போது அது பக்கவாட்டில் இரண்டு மடங்கு இழுக்கப்படும். ஆகவே வரையும்போது எல்லாவற்றையும் ஒடுக்கி வரைய வேண்டும். இது தெரியாமல் படம் போட்டவர்களின் கணினியில், படத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் குண்டாகிவிட்டார்கள்!

இன்னும் துணிந்தவர்கள் ஸ்டார்ட் பொத்தானில் இருந்த சொல்லையே மாற்றினார்கள். அந்தச் சொல் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல் கோப்புக்குள் புதைந்திருந்தது. ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்தால் 53 00 74 00 61 00 72 00 74 00 என்று தெரியும். ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்ற சொல்லின் ஐந்து எழுத்துகள் அவை. அந்த இடத்தில் ஐந்து எழுத்துக்குள் அடங்கும் சொல்லைத்தான் எழுத முடியும். ஓர் எழுத்து கூடினாலும் பின்னால் உள்ளவை எல்லாம் இடம் பெயர்ந்து நிரல் கெட்டுவிடும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை மாற்ற முடியாது என்பதால் டாஸுக்குப் போய் நகல் எடுத்து வைக்க வேண்டும். ஐந்து எழுத்துக்காக இவ்வளவு பாடு. ஆனால் மறுபடி கணினி திறந்து, மூலையில் தன் பெயர் தெரியும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே...

விண்ஆம்ப்: திறந்த பெட்டி

கோப்பு மாற்றும் பழக்கத்தை உலகம் முழுக்கக் கொண்டு போனது விண்டோஸ்கூட அல்ல, ஒரு பாட்டுக் கேட்கும் மென்பொருள். ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கிய நல்சாஃப்ட் நிறுவனம் 1997இல் வெளியிட்ட விண்ஆம்ப்தான் அது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பின் காலத்தில் அதற்கான ஸ்கின்கள் மழை போல் பெய்தன.

இதன் ரகசியம் மிக எளிது. விண்ஆம்ப் ஸ்கின் .டபிள்யூஎஸ்இசட் என்று முடியும். அது வேறொன்றும் இல்லை, பெயர் மாற்றிய ஜிப் கோப்பு. பெயரைத் திருப்பி மாற்றிப் பிரித்தால் உள்ளே கொஞ்சம் பிட்மேப் படங்களும் இரண்டு மூன்று எழுத்துக் கோப்புகளும் இருக்கும். மெயின் என்ற படம் 275 புள்ளி அகலம், 116 புள்ளி உயரம். அதுதான் முதன்மை ஜன்னலின் முகம். பொத்தான்களுக்கு ஒரு படம், தலைப்புப் பட்டைக்கு ஒரு படம், ஈக்வலைசருக்கு ஒரு படம். பாட்டுக்கு ஏற்றபடி ஆடும் கோடுகளின் நிறங்களுக்கு 24 வரிகள் கொண்ட ஓர் எழுத்துக் கோப்பு. பாட்டுப் பட்டியலின் எழுத்து நிறத்துக்கு இன்னொன்று.

இதில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருந்தது. தொகுப்பில் ஏதாவது ஒரு படம் இல்லாவிட்டால், அந்த இடத்தில் விண்ஆம்பின் பழைய முகமே வந்துவிடும். ஆகவே முதல் நாளே எல்லாவற்றையும் வரைய வேண்டியதில்லை. ஒரு படத்தை மட்டும் மாற்றி, ஜிப் செய்து, பெயர் மாற்றி, திறந்து பார்க்கலாம். நன்றாக வந்தால் அடுத்த படம். வரவில்லையா, அழித்துவிட்டு முதலிலிருந்து. எந்தத் தவறு செய்தாலும் கணினிக்கு ஒன்றும் ஆகாது. இப்படித்தான் வரைகலை படிக்காத எத்தனையோ பேர் புள்ளி புள்ளியாக வரையக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்தவர் வரைந்த படம்

எல்லோராலும் பெட்டியைத் திறக்க முடிந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. ஒருவர் ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த பொத்தானை இன்னொருவர் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தன் தொகுப்பில் போட்டுக்கொள்ளலாம். கேட்பார் யார்? சட்டம் வருவதற்கு முன்பே அந்தக் கூட்டத்தினர் தங்களுக்குள் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். தொகுப்புக்குள் 'ரீட்மீ' என்ற எழுத்துக் கோப்பு ஒன்று இருக்க வேண்டும். யார் செய்தது, யாருடைய படத்தை எடுத்தது, அனுமதி வாங்கியதா என்று அதில் எழுத வேண்டும். அனுமதி இல்லாமல் எடுத்தவரைத் திருடர் என்றே அழைத்தார்கள். பணம் கைமாறாத ஓர் உலகத்தில் பெயர்தான் கூலி. அந்தப் பெயரை அழிப்பது கூலியைப் பிடுங்குவது போலத்தான்.

2000 ஆகஸ்டில் தொடங்கிய டீவியண்ட்ஆர்ட் என்ற புகழ்பெற்ற ஓவியத் தளம் இந்த ஸ்கின் கூட்டத்திலிருந்து வளர்ந்ததுதான். பிற்பாடு அது எல்லா வகை ஓவியங்களுக்கும் இடமானது.

பெரிய நிறுவனங்களும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேக் கணினிகளில் கெலைடோஸ்கோப் என்ற மென்பொருள் மூலம் முழுத் தோற்றத்தையும் மாற்ற முடிந்தது. ஆப்பிளின் ரெஸ்எடிட் கருவியைக் கொண்டே அந்தத் தொகுப்புகளைத் திறந்து திருத்தினார்கள். 1998இல் வந்த மேக் ஓஎஸ் 8.5இல் ஆப்பிளே தீம் வசதியைக் கட்டியிருந்தும், பிளாட்டினம் என்ற ஒரே தோற்றத்தை மட்டும்தான் கூட அனுப்பியது. 2000 ஜனவரியில் ஆக்வா என்ற பளபளக்கும் புதிய தோற்றத்தை ஆப்பிள் காட்டியது. மிட்டாய் மாதிரி இருந்த அந்தப் பொத்தான்களை ரசிகர்கள் உடனே நகலெடுத்து ஸ்கின் ஆக்கினார்கள். ஆப்பிளின் வக்கீல்களிடமிருந்து தளங்களுக்குக் கடிதம் போனது. ஒரு பொத்தானின் பளபளப்புகூட ஒருவருக்குச் சொந்தம் என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

எக்ஸ்பி போட்ட பூட்டு

2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. சாம்பல் நிறம் போய், நீலப் பட்டையும் பச்சை ஸ்டார்ட் பொத்தானுமாக லூனா என்ற புதிய முகம். இந்த முறை ஜன்னல், பொத்தான், பட்டை என்று எல்லாமே படங்களால் ஆனவை. ஆசைப்பட்டவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

லூனாவின் படங்கள் எல்லாம் லூனா.எம்எஸ்ஸ்டைல்ஸ் என்ற ஒரே கோப்பில் இருந்தன. அது டிஎல்எல் வகைக் கோப்பின் அமைப்பில் இருந்தாலும் உள்ளே ஓடும் நிரல் கிடையாது. பிட்மேப் படங்களும், அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் எழுத்துப் பகுதிகளும்தான். ஆங்கஸ் ஜான்சன் என்பவர் இலவசமாக வெளியிட்ட ரிசோர்ஸ் ஹேக்கர் என்ற மென்பொருளில் திறந்தால் எல்லாம் தெரியும். ஸ்டார்ட் பொத்தானின் சாதாரண நிலை, மவுஸ் மேலே வந்த நிலை, அழுத்திய நிலை ஆகியவை ஒரே படத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். மறைய வேண்டிய இடங்களில் அடர்ந்த இளஞ்சிவப்பு நிறம், அதாவது 255 0 255. படத்தை இழுக்கும்போது மூலைகள் கெடாமல் இருக்க, ஓரத்தில் எத்தனை புள்ளிகளைத் தொடக்கூடாது என்று எழுத்துப் பகுதியில் நான்கு எண்கள்.

படத்தை வெளியே எடுத்து, நிறம் மாற்றி, மறுபடி உள்ளே வைத்துச் சேமித்தாயிற்று. தீமைத் தேர்ந்தெடுத்தால்... எக்ஸ்பி பழைய சாம்பல் நிறத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்!

காரணம், அந்தக் கோப்பில் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தது. தீமை ஏற்றும் வேலை யூஎக்ஸ்தீம்.டிஎல்எல் என்ற கோப்பினுடையது. அது முதலில் கையொப்பத்தைச் சரிபார்க்கும். ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. கதவு திறக்காது. இந்த வகைத் தோற்றங்களைச் செய்யும் கருவியையும் மைக்ரோசாஃப்ட் பொதுமக்களுக்குத் தரவில்லை. எக்ஸ்பிக்காக மறுபடியும் ஒரு 'பிளஸ்!' விற்பனைக்கு வந்தது. அதில் இருந்த தோற்றங்களுக்குக் கையொப்பம் இருந்தது. 2006இல் கறுப்பும் ஆரஞ்சுமான ஜூன் தோற்றம் இலவசமாக வந்தது. அதற்கும் இருந்தது. ரசிகர் வரைந்ததற்கு மட்டும் இல்லை.

பூட்டு இருந்தால் சாவி செய்பவர்களும் இருப்பார்கள். சரிபார்க்கும் அந்த யூஎக்ஸ்தீம் கோப்பிலேயே சில பைட்டுகளை மாற்றி, எப்போதும் 'சரி' என்று சொல்ல வைத்தார்கள். ஆனால் விண்டோஸுக்குத் தன் முக்கியக் கோப்புகளைக் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. மாற்றிய கோப்பைக் கண்டால், டிஎல்எல்கேஷ் என்ற போல்டரில் உள்ள நகலை எடுத்துப் பழையபடி வைத்துவிடும். ஆகவே முதலில் அந்த நகலை மாற்ற வேண்டும், பிறகு அசலை. இடையில் 'விண்டோஸ் சிடியைப் போடுங்கள்' என்று ஒரு பெட்டி வரும். கேன்சல் கொடுக்க வேண்டும். பயந்து சிடியைப் போட்டவர்களின் வேலை எல்லாம் வீண்! 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தபோது யூஎக்ஸ்தீம் கோப்பே மாறிவிட, பழைய திருத்தங்கள் பயன்படாமல் போயின. மறுபடி புதிய திருத்தம் வந்தது. இப்படியே பூனையும் எலியுமாக ஓடியது.

இந்தக் கஷ்டம் வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்டார்டாக் நிறுவனத்தின் விண்டோபிளைண்ட்ஸ் போன்ற கட்டண மென்பொருள்கள் இருந்தன. பூட்டு ஒரு பக்கம் எரிச்சலைத் தந்தது என்றால், மறுபக்கம் ஒரு சந்தையையும் உருவாக்கியது எனலாம்.

பூட்டு நியாயமா?

பயனர்கள் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க, வீட்டை விற்றவரிடம் அனுமதி கேட்பது போலத்தான் அது இருந்தது.

ஆனால் எதிர்ப்பக்க வாதத்தையும் ஒதுக்க முடியாது. எக்ஸ்பியின் தோற்றக் கோப்பு ஏதோ ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரியதல்ல. திரையில் ஜன்னல் திறக்கும் ஏறக்குறைய எல்லா நிரல்களுக்குள்ளும் அது போய் உட்காரும். அரைகுறையாகச் செய்த கோப்பு ஒன்று எல்லா நிரல்களையும் சேர்த்து விழவைக்கலாம். கோப்பு மாற்றுகிறேன் பேர்வழி என்று இறங்கி, பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, கடைசியில் விண்டோஸை மறுபடி நிறுவியவர்கள் அநேகம். அதைவிட முக்கியம், பூட்டை உடைக்கப் பயன்பட்ட கருவி யார் செய்தது என்றே பலருக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒருவர் தந்த நிரலை முழு அதிகாரத்தோடு ஓட்டித்தான் அந்தச் சுதந்திரத்தை வாங்கினார்கள்.

அப்படியானால் சுதந்திரம் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? லினக்ஸின் கதையும் விண்ஆம்பின் கதையும் இதற்குப் பதில் சொல்கின்றன.

பூட்டே இல்லாத வீடு

லினக்ஸில் தீம்களுக்குப் பூட்டு என்ற பேச்சே இல்லை. பயனரின் சொந்தப் போல்டருக்குள் .தீம்ஸ் என்று ஒரு போல்டர், .ஐகான்ஸ் என்று ஒரு போல்டர். அவற்றில் தொகுப்பைப் பிரித்துப் போட்டால் வேலை முடிந்தது. க்னோம் 2 காலத்தில் பொத்தான்களின் தோற்றத்துக்கு ஜிடிகேஆர்சி என்ற எழுத்துக் கோப்பு, ஜன்னல் சட்டத்துக்கு ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, மற்றவை படங்கள். பிடிக்காத நிறத்தை எழுதித் திருத்திக்கொள்ளலாம். கெட்டுப்போனால் அந்தப் போல்டரை அழித்தால் போதும்.

ஆனால் திறந்த வீட்டிலும் ஒரு நாள் திருடன் நுழைந்தான். 2009 டிசம்பரில், க்னோம் அலங்காரங்கள் கிடைக்கும் ஒரு பிரபலத் தளத்தில் அருவி ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் ஒரு தொகுப்பு வந்தது. நிறுவியவர்களுக்கு அருவி கிடைக்கவில்லை. வேறு தளங்களைத் தாக்குவதற்கு அவர்களுடைய கணினியைப் பயன்படுத்தும் நிரல்தான் உள்ளே இருந்தது. கவனிக்க வேண்டியது, இது படமும் எழுத்தும் மட்டும் கொண்ட தீம் அல்ல, முழு அதிகாரத்தோடு நிறுவப்படும் நிரல் தொகுப்பு.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் வேதனை. கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் 'குளோபல் தீம்' என்ற முழுத் தொகுப்பு ஒன்றை ஒருவர் நிறுவினார். அவருடைய கோப்புகள் எல்லாம் அழிந்துபோயின. கேடிஇ குழுவினர் பயனர்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். தீம் செய்தவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. தொகுப்புக்குள் இருந்த சின்ன நிரல் ஒன்று தவறாக எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் நிறம் மாற்ற வந்த பொட்டலத்துக்குக் கோப்பு அழிக்கும் அதிகாரம் எப்படி வந்தது? அந்தத் தொகுப்புகளில் படங்களோடு நிரல்களும் வரலாம் என்று விட்டதால் வந்தது.

விண்ஆம்ப் கதையும் இதையேதான் சொல்கிறது. படங்களும் எழுத்துகளும் மட்டுமாக இருந்த பழைய ஸ்கின்களைப் பயமில்லாமல் போட்டுப் பார்க்க முடிந்தது. பிற்பாடு வந்த நவீன ஸ்கின்களில் எக்ஸ்எம்எல்லும் நிரல் துணுக்குகளும் நுழைந்தன. 2004 ஆகஸ்டில், ஒரு ஸ்கின்னை ஏற்றினாலே கணினியில் வேறு நிரலை ஓட வைக்கும் ஓட்டை ஒன்று வெளியானது. அவசரமாக 5.05 பதிப்பை வெளியிட்டு அடைத்தார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது

சரி, பூட்டுப் போட்ட விண்டோஸாவது பத்திரமாக இருந்ததா?

2009இல் வந்த விண்டோஸ் 7இல் தீம்கள் .தீம்பேக் என்ற பொட்டலமாக வந்தன. அது கேப் வகைச் சுருக்கக் கோப்பு. பிரித்தால் உள்ளே படங்களும் அதே பழைய .தீம் எழுத்துக் கோப்பும். 1995இல் நோட்பேடில் திறந்தது போலவே திறக்கும்! வால்பேப்பர்கள் எத்தனை நொடிக்கு ஒரு முறை மாற வேண்டும் என்பதைக்கூட ஒரு எண்ணாகத் திருத்தலாம். விண்டோஸ் 8இல் அதன் பெயர் .டெஸ்க்தீம்பேக் ஆனது. கையொப்பச் சோதனை மட்டும் விண்டோஸ் 11 வரை தொடர்கிறது.

2020இல் ஓர் ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் காட்டினார். தீம் கோப்பில் வால்பேப்பர் இருக்கும் இடமாக வெளியே உள்ள ஒரு சர்வரின் முகவரியை எழுதி வைக்கலாம். படத்தை எடுக்கப் போகும் விண்டோஸ், அந்தச் சர்வரிடம் பயனரின் கடவுச்சொல்லோடு தொடர்புள்ள தகவலைக் கொடுத்துவிடும்.

2023 செப்டம்பரில் அடைக்கப்பட்ட 'தீம்பிளீட்' ஓட்டை இன்னும் விசித்திரமானது. கண்டுபிடித்தவர் கேப் கிர்க்பாட்ரிக். எம்எஸ்ஸ்டைல்ஸ் கோப்பின் பதிப்பு எண் 999 என்று இருந்தால், விண்டோஸ் அதோடு சேர்ந்த ஒரு டிஎல்எல் கோப்பைத் தேடும். கிடைத்ததும் கையொப்பத்தைச் சரிபார்க்கும். சரி என்றால் கோப்பை மூடிவிட்டு, மறுபடி திறந்து ஏற்றும். அந்த இடைவெளி போதும்! கோப்பு வெளிச் சர்வரில் இருந்தால், சோதிக்கும்போது நல்ல கோப்பையும் ஏற்றும்போது கெட்ட கோப்பையும் கொடுத்துவிடலாம். வாசலில் அடையாள அட்டையைக் காட்டியவர் ஒருவர், உள்ளே போனவர் வேறொருவர்.

இருபது வருடங்களாக ரசிகர்களை வெளியே நிறுத்திய அந்தச் சோதனையின் பக்கத்திலேயே இப்படி ஒரு சந்து இருந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அந்த 999 வசதியையே நீக்கி ஓட்டையை அடைத்தது. ஒரு தோற்றக் கோப்புக்கு டிஎல்எல்லை ஏற்றும் அதிகாரம் எதற்கு என்று யாரும் கேட்காமல் விட்டதன் விலை அது.

கடைசியில் யாருக்குச் சொந்தம்?

இந்த முப்பது வருடக் கதையைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஆபத்து, திறந்த பெட்டியால் வரவில்லை. படம் இருக்க வேண்டிய பெட்டியில் நிரல் சேர்ந்தபோது வந்தது. படமும் எழுத்தும் மட்டும் இருந்தவரை சுதந்திரமும் பாதுகாப்பும் சண்டை போடவில்லை. ஆகவே 'பூட்டலாமா, வேண்டாமா' என்பதைவிட, 'பெட்டிக்குள் என்ன இருக்கலாம்' என்று கேட்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019 மே மாதம் க்னோம் மென்பொருள்கள் எழுதும் சிலர் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்கள். லினக்ஸ் விநியோகங்கள் எங்கள் மென்பொருள்களுக்கு நீங்களாகத் தீம் போட்டு அனுப்பாதீர்கள், எழுத்துகள் தெரியாமல் போகின்றன, பயனர்கள் எங்களைத்தான் குறை சொல்கிறார்கள் என்பது அதன் சாரம். ஆனால் தன் கணினியில் தானே திருத்திக்கொள்ளும் தனி மனிதரை அவர்கள் தடுக்கவில்லை. அந்தப் பிரிப்பு நியாயமாகத்தான் படுகிறது. அடுத்தவர் வேலையை மாற்றி ஊருக்குக் கொடுப்பது வேறு, தன் வீட்டுச் சுவருக்குத் தான் வண்ணம் அடிப்பது வேறு.

அந்தக் காலத்து விண்ஆம்ப் ஸ்கின்கள் பல பத்தாயிரம் இன்று இணையத்தில் ஓர் அருங்காட்சியகமாக இருக்கின்றன. ஜோர்டன் எல்ட்ரெட்ஜ் என்பவர் விண்ஆம்பை உலாவியிலேயே ஓடும்படி எழுதி, அந்த ஸ்கின்களையும் பார்வைக்கு வைத்திருக்கிறார். கால் நூற்றாண்டுக்கு முன் யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வரைந்த பொத்தான், இன்றும் அழுத்தினால் வேலை செய்கிறது. அது பிழைத்திருப்பதற்குக் காரணம், அந்தக் கோப்புக்குள் இருப்பது என்ன என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்ததுதான். நல்சாஃப்டின் அனுமதிக்காக அது காத்திருக்கவில்லை.

பூட்டி வைத்த தோற்றங்கள் இன்னும் இருபது வருடம் கழித்து இப்படித் திறக்குமா?